களை என்று எறிந்த மலர்கள்

‘தும்பைப் பூப் போல வெளுத்த வேட்டி’ என்று சொல்லாத தமிழர் இலர். அந்தத் தும்பைப் பூவைக் கண்ணாற் கண்ட தமிழர் இந்நாட்டில் எத்துணைப் பேர்? இவ்வினாவை நான் பிறரை நோக்கிக் கேட்கவில்லை. முதலில் என்னையே நோக்கிக் கேட்டுக்கொண்டேன்.

புறத்திணைகளுள் ஒன்றாகிய தும்பையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். இரு வேந்தர் நேர்நின்று பொரும் போரில் வீரர் தும்பை சூடுவர் என்று கரும்பலகையில் எழுதுவேன், மாணவர் எழுதிக்கொள்வர். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, “தும்பைப் பூ எப்படி ஐயா இருக்கும்?” என்று கேட்டாள். “வெள்ளையாக, சிறியதாக இருக்கும்” என்றேன். “மல்லிகை மாதிரியா ஐயா?” என்றாள். “இல்லை” என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று மாலை, அண்டை வீட்டில் வாழும் மூதாட்டி ஒருவரிடம் கேட்டேன். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் அவர். “என்ன வாத்தியாரய்யா, தும்பை தெரியாதா?” என்று சிரித்துக்கொண்டே என் வீட்டு வேலியோரத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். கால்வாய்க் கரையில் ஒரே ஒரு செடி நின்றது. முந்திய வாரம் புல் வெட்டுபவருக்குக் கூலி கொடுத்து, “எல்லாவற்றையும் சுத்தமாக வெட்டிவிடுங்கள்” என்று சொன்னவன் நானே. அவர் கத்திக்குத் தப்பிய ஒன்றுதான் எனக்குத் தும்பையைக் காட்டியது.

நம் இலக்கியங்கள் போற்றும் மலர்களுள் பல, இன்று நாம் களை என்று பிடுங்கி எறியும் செடிகளே. அவற்றுள் சிலவற்றையேனும் வீட்டுத் தோட்டத்தில் தெரிந்து வளர்ப்போமாயின், செடியும் பிழைக்கும். அதன் பெயரும் பிழைக்கும். அப்பெயரைத் தாங்கிய பாடலும் மாணவர் நெஞ்சில் பிழைக்கும். அதற்கான வழிகளை ஈண்டு ஆராய்வோம்.

களை என்பது யாது?

களைதல் என்றால் நீக்குதல். நீக்கப்படுவது களை. ஆகவே களை என்னும் பெயர் ஒரு செடியின் இயல்பைச் சொல்வதன்று. அச்செடியை நாம் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்வது. ‘களைக் குடும்பம்’ என்று ஒரு குடும்பம் செடிநூலில் இல்லை. வயலில் நெல்லுக்கிடையே முளைத்த நெய்தல் உழவனுக்குக் களை. அதே இனப் பூவை விடுதி முகப்புகளில் தொட்டி கட்டி, காசு கொடுத்து வாங்கி வைத்து அழகு பார்க்கிறோம். மாறியது செடியன்று, இடம்.

கொடியவரை வேந்தன் ஒறுத்தல், பயிரிலிருந்து களையை நீக்குவதற்கு ஒப்பாகும் என்றார் வள்ளுவர். அவர் குறித்தது விளைநிலத்துக் களையை. உணவுப் பயிரின் நீரையும் எருவையும் பங்கு கேட்கும் செடியை நீக்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் எந்தப் பயிரும் இல்லாத மூன்று முழ நிலத்தில் முளைத்த செடி, யாருடைய பங்கைக் கேட்கிறது? வயலுக்குரிய சட்டத்தை முற்றத்துக்கும் விரித்துவிட்டோம் என்பதே உண்மை.

தமிழில் களை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘முகத்தில் களை இருக்கிறது’ என்கிறோமே, அங்கே களை என்பது அழகு, ஒளி. இரண்டு சொற்களின் பிறப்பும் வேறு. எனினும் தும்பை பூத்த வேலியோரத்தைப் பார்த்தபின், இவ்விரு சொற்களும் ஒரே ஒலியைப் பெற்றது பொருத்தமே என்று எனக்குத் தோன்றுகிறது.

இச்செடிகள் அழைக்காமலே வருவது எவ்வாறு? நிலத்தை வெறுமையாக விட இயற்கை ஒப்புவதில்லை. கொத்திய மண்ணிலும் இடிந்த சுவரோரத்திலும் முதலில் குடியேறுவன இவையே. குறுகிய காலத்தில் வளர்ந்து, பூத்து, ஏராளமான விதைகளை உதிர்த்துவிடும். விதைகளோ மண்ணுக்குள் காலம் பார்த்துக் காத்துக் கிடக்கும். இதனை ஆராய, அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் வில்லியம் பீல் என்பவர் 1879ஆம் ஆண்டில் களை விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் இட்டுப் புதைத்து வைத்தார். குறித்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாக எடுத்து முளைக்கவைத்துப் பார்த்துவருகின்றனர். 142 ஆண்டுகள் கழித்து, 2021இல் எடுத்த புட்டியிலிருந்தும் சில விதைகள் முளைத்தன. நாம் பிடுங்கி எறிந்துவிட்டோம் என்று கை தட்டிக்கொள்ளும் செடியின் வழித்தோன்றல்கள் நம் காலடியிலேயே உறங்குகின்றன என்பது இதனால் விளங்கும்.

தோட்டப்புறம் கற்ற பாடம்

களை என்ற சொல் இந்நாட்டுத் தமிழர் வாழ்வோடு மிக நெருங்கிய சொல். மரம் சீவுதலுக்கு அடுத்து நம் முன்னோர், சிறப்பாகப் பெண்கள், செய்த வேலை புல் வெட்டும் வேலையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதபடி நிலத்தைத் துடைத்து வைப்பதே நல்ல முறை எனக் கருதப்பட்டது. விளைந்தது என்ன? மலைச் சரிவுகளில் மழை கொட்டியபொழுது, பிடித்து நிறுத்த வேர் இன்றி மேல்மண் ஓடைகளில் கரைந்து சென்றது. பின்னரே தோட்ட முதலாளிகள் நிலத்துக்குப் போர்வை வேண்டும் என்பதை உணர்ந்தனர். பியுராரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் முதலிய அவரை இனக் கொடிகளை மரங்களுக்கிடையே படரவிட்டனர். அவை மண்ணைக் காத்தன. வேர் முடிச்சுகளால் காற்றின் தழைச்சத்தையும் மண்ணில் சேர்த்தன. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் சங்குப் பூப் போன்ற வெளிர் ஊதாப் பூவைக் கொடியில் கண்டிருப்பர். அது சென்ட்ரோசீமாவின் பூ. வெறும் மண் சுத்தமான மண்ணன்று என்னும் பாடத்தைத் தோட்டத் தொழில் இழப்பின் வழியே கற்றது.

இன்னொரு பாடம் இதனினும் கசப்பானது. அரிவாளுக்குப் பதில் மருந்துப் பம்பு வந்தது. களைக்கொல்லிகளுள் கொடியதாகிய பாராகுவாட்டைத் தோளில் சுமந்து தெளித்தோருள் தமிழ்ப் பெண்கள் பலர். உடலில் சேர்ந்தால் முறிமருந்து இல்லாத நஞ்சு அது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு முதல் அதற்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது. நம் குடும்பத்து மகளிர் பலருடைய தோலையும் நகத்தையும் தின்ற வழக்கத்தை, வேறு பெயருள்ள புட்டியில் வாங்கி, நம் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் நாமே தெளிக்கலாமா? சிந்திக்க வேண்டும்.

தும்பையும் வேளையும்

இனி வளர்க்கத்தக்க செடிகளை நோக்குவோம்.

முதலிடம் தும்பைக்கே. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. முழங்கால் உயரம் வளரும். தண்டைத் தொட்டு உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டையாக இருக்கும். கணுதோறும் பூக்கள் உருண்டையாகத் திரண்டு நிற்கும். ஒவ்வொரு பூவும் வாய் திறந்து உதட்டை நீட்டியது போன்றது. அந்த உதட்டின் வெண்மையே உவமைக்குரிய வெண்மை. தமிழகத்தில் மிகுதியாகக் காணப்படும் தும்பைக்கு நெருங்கிய உறவாகிய இலங்கைத் தும்பை, இந்நாட்டின் மணற்பாங்கான வெளிகளில் தானே முளைப்பது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணுமே அது கேட்பன. எருவிட்டுக் கொழுக்கவைத்தால் இலை மிகும், பூக் குறையும்.

அடுத்தது வேளை. இதன் கதை நெஞ்சைத் தொடுவது. பாண்டி நாட்டில் ஆய்மகள் வரகுச் சோற்றுக்குத் துணையாக, வேளையின் வெண்பூவைத் தயிரோடு சேர்த்துப் புளிங்கூழ் சமைக்க, அவரை கொய்வோர் அதனை வயிறார உண்டனர் என்று கூறியவன் கோப்பெருஞ்சோழன். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த அம்மன்னன், தன்னைக் காண வரவிருக்கும் நண்பர் பிசிராந்தையாரின் நாட்டை அடையாளம் காட்ட எடுத்துக்கொண்ட பொருள் முத்தன்று, சந்தனமன்று. எருப் பரந்த தெருவோரத்தில் முளைக்கும் வேளை. இதனைப் புறநானூற்றின் 215ஆம் பாட்டிற் காண்க.

அதே வேளை சிறுபாணாற்றுப்படையில் வறுமையின் சின்னமாக வருகிறது. குப்பையில் முளைத்த வேளையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காண்பரே என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ணுகிறது பாணர் குடும்பம். ஒரே செடி! ஓரிடத்தில் நாட்டின் வளத்தைக் காட்டுகிறது. ஓரிடத்தில் வீட்டின் வறுமையைக் காட்டுகிறது. இரண்டிடத்திலும் அது முளைத்த நிலம் ஒன்றே. எருவும் குப்பையும் சேர்ந்த நிலம். இன்றைய செடிநூலாரும் வேளை எருச்சத்து மிக்க, மனிதர் குடியிருப்பை அடுத்த இடங்களிற் செழிக்கும் என்பர். புலவர் கண்ணும் அறிஞர் கண்ணும் ஈண்டு ஒன்றுபடுகின்றன.

இந்தச் செடி நமக்குத் தொலைவில் இல்லை. மலாய் மக்கள் ‘மாமான்’ என்று வழங்குவது இந்த வேளையே. அதனை ஊறவைத்து ‘ஜெருக் மாமான்’ செய்வர். நெகிரி செம்பிலானில் அதன் இலையை இட்டு ‘ரெண்டாங் மாமான்’ சமைப்பது பெயர் பெற்றது. பாண்டி நாட்டு ஆய்மகள் தயிரில் இட்டதை, நம் அண்டை வீட்டு மலாய் அம்மையார் தேங்காய்ப் பாலில் இடுகிறார். சங்கப் பாட்டின் சொல்லுக்கு உரை, சந்தைக் கூடையிலேயே கிடக்கிறது!

வேளையை இனம் காண்பது எளிது. ஒரே காம்பில் விரல் விரித்தாற்போல் ஐந்து சிற்றிலைகள். தொட்டால் சற்றே பிசுபிசுக்கும் தண்டு. நீண்ட இழைகளோடு கூடிய வெண்பூ. கடுகு போன்ற விதைகள் நிறைந்த மெல்லிய நீண்ட காய். மஞ்சட் பூப் பூப்பது நாய்வேளை. அது வேறு. உணவுக்குரியது வெண்பூவுடைய நல்வேளையே. இலை கைக்கும்; ஆதலால் ஊறவைத்தோ வேகவைத்து நீரை வடித்தோ பயன்படுத்துவர். தும்பையைப் போலன்றி, இதற்கு மட்கிய எரு வேண்டும்.

எருக்கும் கருவிளையும் நெருஞ்சியும்

எருக்கைப் பற்றிக் கபிலர் கூறியதனினும் மேலாக யாரும் கூறிவிட முடியாது. நல்லது என்றும் தீயது என்றும் எண்ணப்படாத எருக்கம் பூவாயினும், ஒருவன் தன்னிடம் உள்ளதைக் கொண்டு வழிபட்டால் கடவுள் வேண்டாம் என்னார். அதுபோல, அறிவற்றோரும் சிறியோரும் தன்னை நாடி வந்தாலும் பாரி கைவிடான் என்றார் அவர். பாரியின் கொடைக்கு அளவுகோலாக நின்ற பூ அது. இந்நாட்டில் விநாயகர் வழிபாட்டுக்கு எருக்கு மாலை தேடுவோர் உண்டு; செடி வளர்ப்போர் அரியர். வெயில் படும் இடத்தில் ஆளுயரம் வளரும். செம்மஞ்சள் சிறகும் கரிய ஓரமும் உடைய வண்ணத்துப்பூச்சி ஒன்று எருக்கிலையில் முட்டையிடும். புழு அந்த நஞ்சுடைய இலையைத் தின்றே வளரும். அந்த நஞ்சே பறவைகளிடமிருந்து அதற்குக் காப்பு. இதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு. ஆகலின் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் எருக்கு வேண்டா.

கருவிளை என்பது நீலச் சங்குப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன மலர்களுள் நீலக் கருவிளையும் வெள்ளைச் செருவிளையும் அடுத்தடுத்து நிற்கின்றன. மலாய் மக்கள் இதனை ‘பூங்கா தெலாங்’ என்பர். கிளந்தானின் ‘நாசி கெராபு’ச் சோற்றுக்கு நீல நிறம் ஊட்டுவது இதுவே. அறிவியற் பெயரிலுள்ள ‘தெர்னாதியா’ என்னும் சொல், மலுக்குத் தீவுகளுள் ஒன்றாகிய தெர்னாத்தேயைக் குறிப்பது. வேலிக் கம்பி ஒன்று போதும். ஓர் இரவு நீரில் ஊறவைத்த விதையை ஊன்றினால் கொடி தானே ஏறிக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டின் வெயிற்பக்கச் சாளரத்திலும் இது வளரும்.

நெருஞ்சி சங்கப் பாடல்களில் இரு முகம் காட்டுவது. கதிரவனை நோக்கும் அதன் பொன்னிறப் பூவைப் புலவர் ஒருவர் வள்ளலை நோக்கும் பாணர் கூட்டத்துக்கு உவமையாக்கினார். முதலில் கண்ணுக்கு இனிய பூவாக இருந்து, பின்னர் முள்ளாக முதிரும் அதன் இயல்பை, முன் இனியராக இருந்து பின் துன்பம் தரும் தலைவனுக்கு உவமையாக்கினாள் குறுந்தொகைத் தலைவி. அனிச்சமும் அன்னத்தின் இறகும் காதலியின் அடிக்கு நெருஞ்சிப் பழமாகும் என்றார் வள்ளுவர். இத்துணைச் சிறப்புடையதாயினும், நெருஞ்சி வறண்ட மணல் நிலத்துச் செடி. ஓயாது மழை பெய்யும் நம் நாட்டில் எளிதிற் காணக் கிடைப்பதன்று. இதற்காக ஊரிலிருந்து விதை கொண்டுவர எண்ணாதீர்கள். உரிய அனுமதியின்றி விதைகளை நாட்டுக்குள் கொணர்வதை மலேசியாவும் சிங்கப்பூரும் ஒப்புவதில்லை. நெருஞ்சிக்குப் படமே போதும்.

கடல் கடந்து வந்தவை

களைகளுள் எல்லாமே நம் இலக்கியத்துக்கு உரியவையல்ல. தொட்டாற்சுருங்கியைச் சங்கப் புலவர் பாடாததில் வியப்பில்லை. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்தது. வெட்டுக்காயப்பூண்டும் சிறுபூனைக்காலியும் அவ்வாறே வந்தவை. ஆயினும் நம் மக்கள் அவற்றைப் பெயரின்றி விடவில்லை. தொட்டால் சுருங்குவதால் தொட்டாற்சுருங்கி என்றனர். வெட்டுக்காயத்தில் சாறு பிழிவதால் வெட்டுக்காயப்பூண்டு என்றனர். இலையின்கீழ்க் காய் வரிசையாக நிற்பதைக் கண்டு கீழாநெல்லி என்று பெயரிட்ட அதே கூர்மை, புதிதாக வந்த செடியையும் உற்றுநோக்கியது. (பெயரில் மருந்து இருப்பதால் மட்டும் எச்செடியையும் தாமே மருந்தாக உட்கொள்ளுதல் கூடாது, அதற்கு மருத்துவரை நாடுக.)

தொட்டாற்சுருங்கியைப் பள்ளியில் வைத்துப் பாடம் நடத்தாத ஆசிரியர் நல்ல வாய்ப்பொன்றை இழக்கிறார். காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பின் ஒரு பக்க அணுக்களிலிருந்து நீர் சட்டென்று வெளியேற, அப்பக்கம் தளர்ந்து இலை மடங்குகிறது. இதன் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. நகத்தளவே உள்ள நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு இதன் இலையைத் தின்று வளர்கிறது.

சிறுபூனைக்காலி, வலைப்பின்னல் போன்ற உறைக்குள் மஞ்சட் பழத்தை ஒளித்து வைத்திருக்கும் வேலிக்கொடி. இக்கொடியை நாடி வரும் வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. ‘டானி கோஸ்ட்டர்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். செந்நிறச் சிறகில் கரும்புள்ளிகள் உடையது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய அப்பூச்சி, தாய்லாந்து, மலேசியா வழியாகத் தெற்கு நோக்கிப் பரவி, 2006இல் சிங்கப்பூரிலும் 2012இல் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் காணப்பட்டது. அமெரிக்கக் கொடியில் இந்தியப் பூச்சி, மலாய் மண்ணில் வாழ்கிறது. வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நம் மாணவர்க்கு இதைவிட நல்ல செடிநூற் பாடம் உண்டோ?

வளர்க்கும் முறை

களையை வளர்க்கவும் முறை வேண்டுமா என்று சிலர் நகைக்கலாம். முறையின்றி விட்டால் அது தோட்டமாகாது, புதராகும். கைவிடுதல் வேறு, இடம் கொடுத்தல் வேறு.

முதலாவது, இடத்தை வரையறுக்க வேண்டும். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள வெயிற்படும் மூலை ஒன்று போதும். அதைச் சுற்றிச் செங்கல்லோ கல்லோ வரிசையாகப் பதித்துவிடுக. வரம்பிட்ட இடத்தில் வளரும் செடி, வளர்க்கப்பட்ட செடி என்று அண்டை வீட்டார்க்கும் விளங்கும். வீண் மனத்தாங்கல் எழாது.

இரண்டாவது, பொறுமை. மண்ணை மேலாகக் கிளறிவிட்டு இரண்டு மூன்று மாதம் பாருங்கள். மண்ணில் உறங்கிய விதைகள் தாமே எழும். ஒவ்வொன்றும் பூக்கும் வரை பொறுத்து, இனம் கண்டு, பெயரறிந்து, அதன்பின் எதை வைப்பது எதை நீக்குவது என்று முடிவு செய்க. பூக்குமுன் பிடுங்குதல், விசாரணைக்குமுன் தண்டிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, விதைத்தல். முளைக்காத செடிகளைப் பிறர் நிலத்திலிருந்து அவர் இசைவோடு விதையாகக் கொண்டுவரலாம். பொதுப் பூங்காக்களில் செடி பறித்தல் சட்டப்படி குற்றம் என்பதை மறவற்க. தும்பை, வேளை போன்றவற்றின் சிறு விதைகளை ஆழப் புதைக்கக் கூடாது. மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, பூவாளியால் மெல்ல நீர் தெளித்தால் போதும். அடுக்குமாடியில் வாழ்வோர் ஒரு சாண் ஆழமுள்ள தொட்டியில் தும்பையைத் தடையின்றி வளர்க்கலாம்.

நான்காவது, கட்டுப்பாடு. சுற்றுப்பாதையோரம் மாதம் ஒருமுறை கத்தரித்துவிடுக. காய் முற்றியவற்றுள் சிலவற்றை மட்டும் விதைக்கு விட்டு, மற்றவற்றைக் கிள்ளிவிடுக. இவ்வாறு செய்தால் செடி தோட்டம் முழுதும் பரவாது.

ஐந்தாவது, கொசு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். ஆகவே, செடியைவிடத் தொட்டியின் அடித்தட்டுக்கும் கவிழ்த்து வைக்காத வாளிக்குமே அஞ்சவேண்டும். வாரம் ஒருமுறை நன்றாகச் சோதித்து, நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

ஆறாவது, பெயர்ப்பலகை. சிறு மரத்துண்டில் தமிழ்ப் பெயரை எழுதி நட்டு வையுங்கள். இதுவே எல்லாவற்றினும் முதன்மையானது என்பேன். பெயர் தெரியாத வரையில்தான் செடி களை. ‘தும்பை’ என்று எழுதி வைத்த செடியை வெட்ட எவருக்கும் கை எழுவதில்லை.

வளர்க்கத் தகாதவை

எல்லாவற்றுக்கும் இரங்குதல் அறிவுடைமையன்று. லாலான் புல் நிலத்தின்கீழ்க் கிழங்கோட்டிப் பிறவற்றை வாழவிடாது. அதன் வேர்த்துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் மீண்டும் எழும். மிக்கானியா என்னும் கொடி மரங்களின்மேல் ஏறிப் போர்த்தி ஒளியை மறைத்துவிடும். பார்த்தீனியம் தோலில் அரிப்பும் ஒவ்வாமையும் மூச்சுத் தொல்லையும் தருவது; மலேசியாவில் 2013இல் கண்டறியப்பட்டது. அதனைக் கண்டால் வேளாண்மைத் துறைக்கு அறிவித்தல் வேண்டும். உன்னிச்செடியின் பூ அழகியது. ஆனால் இந்தியக் காடுகளில் அது பரவிப் பிற செடிகளை நெருக்கிய வரலாற்றை எண்ணி அதனைத் தவிர்ப்பது நன்று. ஊமத்தையும் காந்தளும் இலக்கியப் புகழ் உடையவையே. எனினும் இரண்டும் கடுநஞ்சு. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அவற்றுக்கு இடமில்லை.

முடிவாக

குறுந்தொகையின் 309ஆம் பாட்டில் ஒரு தோழி பேசுகிறாள். பரத்தையை நாடிச் சென்று திரும்பிய தலைவனிடம் அவள் எடுத்துக்காட்டுவது ஒரு களையை. வயலில் வேலை செய்வோர் நெய்தலைக் களைந்து, அதன் மணம் கீழ்ப்பட, வரப்பின்மேல் வாடும்படி எறிகின்றனர். ஆயினும், ‘இவர் கொடியர், வேறு நிலம் சென்று வாழ்வோம்’ என்று நெய்தல் நினைப்பதில்லை, தன்னை நீக்கிய அதே வயலில் மீண்டும் பூக்கிறது. ‘நாங்களும் அந்த நெய்தலைப் போன்றவர்கள்’ என்கிறாள் தோழி.

தும்பைத் திணையை நெய்தலுக்குப் புறன் என்று வகுத்தார் தொல்காப்பியர். வயலில் எறியப்பட்ட பூவும் வேலியோரத்தில் வெட்டப்பட்ட பூவும் இலக்கணத்தில் அகமும் புறமுமாய் இணைந்து நிற்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்த நாம், முற்றத்தில் கண்டபொழுது அறிந்துகொள்ளவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புறத்திணை நடத்தும் நாளில், ஒரு தும்பைக் கொத்தோடு வகுப்புக்குச் செல்லுங்கள். மாணவர் ஒவ்வொருவரும் அதனைக் கையில் வாங்கி, நான்கு பட்டைத் தண்டை உருட்டிப் பார்த்து, உதடு போன்ற பூவை உற்றுநோக்கட்டும். எனக்கு வினா விடுத்த அந்த மாணவிக்கு மறுவாரம் நான் அவ்வாறே விடை கொடுத்தேன். பூவைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்தவள், “இது எங்கள் வீட்டுப் பின்புறம் நிறைய இருக்கிறதே ஐயா, அம்மா நேற்றுத்தான் பிடுங்கப் போகிறேன் என்றார்” என்றாள். மறுநாள் வந்து, “பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்” என்றாள்.

என் வேலியோரத்தில் இப்போது தும்பை ஒன்றன்று; ஒரு பாத்தி இருக்கிறது. புல் வெட்டுபவர் அதனருகே வந்ததும் கத்தியை நிறுத்தி, “இது வளர்க்கிறதா சார்?” என்று கேட்கிறார். ஆம், வளர்ப்பதுதான்.